நேரத்தை மிச்சம் பிடித்தவர்

மைசூர் குவெம்புநகரில் என் அக்கா வீட்டு முன்னறையில் நாற்காலி கிடையாது. வாங்க வசதியில்லாமல் இல்லை. நல்ல தேக்கில் ஒரு சோபா இருந்தது. அதை அக்கா வீட்டுக்காரர் ஆள் வைத்து மாடிக்கு ஏற்றிவிட்டார். உட்கார இடம் இருந்தால் உட்காருவார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. வந்தவர்கள் நின்றபடியே பேசி, நின்றபடியே காபி குடித்து, தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு திணறிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் ஒருநாள் எதைப் பற்றியும் கவலைப்படாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். மாமாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவில் அதிகாரி. எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அந்த வேலையை நிறுத்தவில்லை. இயந்திரங்களுக்குப் பதிலாக நாங்கள் இருந்தோம், அவ்வளவுதான்.

பி.எட். படிக்க நான் கொள்ளேகாலிலிருந்து மைசூர் வந்தபோது அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் நரசீபுரத்தில் பஸ் டயர் பஞ்சர். பத்து நாற்பதுக்குப் போய் வாசலில் நின்றேன். மாமா கதவைத் திறந்து, பையை வாங்கி உள்ளே வைத்து, எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்குப் பத்திலிருந்து பத்தேகால் வரை ஒதுக்கியிருந்ததாகவும், அது போய்விட்டதால் நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். குளியலறை எந்தப் பக்கம் என்று அக்கா சுமதி சமையலறையிலிருந்து கரண்டியால் காட்டினாள்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நிமிடம் உண்டு. குளிக்க ஆறு. காலைப் பலகாரத்துக்குப் பத்து. மங்களூரில் படித்துக்கொண்டிருந்த மகளுடன் போனில் பேச, புதன்கிழமை இரவு எட்டிலிருந்து எட்டுப் பத்து வரை. அந்தப் பெண்ணும் கெட்டிக்காரி; எட்டுப் பத்துக்கு அப்பாவிடம் பேசி வைத்துவிட்டு எட்டுப் பன்னிரண்டுக்கு அக்காவின் போனுக்கு அடிப்பாள். யாராவது எதையாவது சொல்ல ஆரம்பித்தால் மாமா வலது கையை விரித்து, "பாயிண்ட்டுக்கு வா" என்பார். கன்னடக்காரர்களிடம் "பேக ஹேளி" என்பார். சீக்கிரம் சொல்லுங்கள் என்று அர்த்தம். பால்காரர், தபால்காரர், அவரைவிட இருபது வயது மூத்த அவருடைய பெரியப்பா, எல்லோருக்கும் அதே கை, அதே சொல்.

துக்க வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்திருந்தார். கல்யாணத்துக்கு இருபது, அதில் சாப்பாட்டுக்குப் பதினைந்து. தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவரின் அப்பா இறந்தபோது மாமாவும் அக்காவும் போயிருந்தார்கள். அந்த மனிதர் மாமாவின் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார். மாமா இடது கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, அவர் முதுகுக்குப் பின்னால் வலது கையைத் திருப்பி மணி பார்த்திருக்கிறார். எதிரே நின்ற அக்காவுக்கு அந்தக் கடிகாரமும் தெரிந்தது, அழுகிறவரின் மகள் அதைப் பார்ப்பதும் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர்தான் சொன்னாராம், "பதினாலு நிமிஷம் ஆயிடுச்சு, பரவாயில்ல" என்று.

தசரா சமயத்தில் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பேர் ஊர்வலம் பார்க்க வந்து இறங்கினார்கள். மாமா கலங்கவில்லை. முதல்நாளே குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போகலாம், எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும் என்று பெயர் போட்டு எழுதியிருந்தார். எங்கள் சின்னத்தாத்தாவுக்கு 5:40 முதல் 5:48. அவருக்கோ வயிறு அந்த நேரத்துக்கு ஒத்துழைக்கவில்லை. அவர் ஏழு மணிக்குப் போய் வாசலில் நிற்க, உள்ளே என் சித்தி இருக்க, மாமா வெளியிலிருந்து தாளைக் காட்டி இருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அவர்கள் எல்லோரும் நஞ்சன்கூட்டில் வேறு யார் வீட்டிலோ தங்கினார்கள். தசராவில் இரண்டு முழுநாள் மிச்சம் என்று மாமா அதை நோட்டில் எழுதி வைத்தார்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சாமுண்டி மலைப் படியேறுவார். நானும் ஒருமுறை கூடப் போனேன். முந்தைய மாதத்தைவிட ஒன்றரை நிமிடம் முன்னதாக உச்சிக்கு வந்துவிட்டார். சந்தோஷமாக இருந்தார். கோயில் வாசலில் வரிசை நீண்டிருந்தது. அவர் வெளியிலேயே நின்று கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்துவிட்டார். சாமி பார்க்க வேண்டாமா மாமா என்று கேட்டேன். நாம் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அவள் நம்மைப் பார்க்க ஒரு விநாடி போதும் என்றார். யோசித்தால் அதில் பக்திகூட இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் அவர் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்.

இப்படி மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் அவர் என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அறைக்குள் போய், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனாவும் ஒரு ஸ்கேலும் வைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கான அட்டவணை போடுவார். ஆறு மணிக்கு வெளியே வருவார். பிறகு அரைமணி நேரம் போன வார அட்டவணைக்கும் நடந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பார். நான் கணக்கு டீச்சராகப் போகிறவள். ஒருநாள் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வாரம் முழுக்க எங்களை விரட்டி அவர் மிச்சம் பிடித்தது ஏறக்குறைய நாலேகால் மணி. அட்டவணைக்கு ஆனது நாலரை. அதை அக்காவிடம் காட்டினேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருகிட்ட காட்டிராத கண்ணு. கால்மணி நேரம் எங்க போச்சுன்னு தேடறதுக்கு இன்னொரு அட்டவணை போடுவாரு" என்றாள்.

அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் என்னால் முடியாது. முதல் வருடத் தேர்வில் நான் இரண்டு பாடத்தில் தேறவில்லை. அழுதுகொண்டிருந்தேன். மாமா எனக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொடுத்தார். என் போனை வாங்கி அலமாரியில் பூட்டினார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து அன்றைய பாடத்தில் மூன்று கேள்வி கேட்பார். ஒருநாள்கூட அவர் தவறியதில்லை, ஒருநாள்கூடக் கோபித்ததில்லை. தேறினேன். நல்ல மதிப்பெண். அவர் யாரையும் காக்க வைத்ததும் கிடையாது. வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த நல்ல பெயரால்தான் வெளியிலும் அவருக்கு மவுசு கூடியது. கல்லூரிகளிலும் சங்கங்களிலும் கூப்பிட்டு, நேரத்தை வீணாக்காமல் வாழ்வது எப்படி என்று வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மேடையில் நேரத் திருடர்கள் என்று ஒரு பட்டியல் போடுவார். கைப்பேசி, தேநீர்ப் பேச்சு, சொல்லாமல் வரும் உறவினர், முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய திருடன் என்று அடிக்கோடு போடுவார்.

வீட்டு விஷயங்களுக்கு அவர் வைத்திருந்த நேரம் ஞாயிறு சாயங்காலம் ஐந்து முதல் ஐந்தரை. அதற்கென்று ஒரு நோட்டு. வாரத்தில் அக்காவுக்கு எது சொல்லத் தோன்றினாலும் அதில் எழுதி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமா வரிசையாக எடுத்துப் பேசுவார். ஐந்தரைக்கு முடியாமல் நிற்பதற்குப் பக்கத்தில் பச்சை மையில் 'அ.வா.' என்று போடுவார். அடுத்த வாரம் என்று பொருள். நடுவாரத்தில் அக்கா வாயைத் திறந்தால், "ஞாயித்துக்கிழமை" என்பார். கடுமையாகச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நான் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. மொட்டைமாடியில் அக்காவுடன் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையை உயர்த்திக் கொடியில் புடவையைப் போடும்போது அக்கா முகத்தைச் சுளித்தாள். என்ன என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, மார்பில் ஒரு கட்டி மாதிரி இருக்கிறது, வலிப்பதில்லை, இரண்டு மாதமாக இருக்கிறது என்றாள். மாமாவிடம் சொன்னாயா என்றேன்.

"எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கீழே அழைத்துப் போய் நோட்டைக் காட்டினாள். ஒன்று, தண்ணீர் மோட்டார் சத்தம். இரண்டு, கேஸ் அடுப்பு மாற்றுவது. மூன்று, பெரியப்பா பேரன் கல்யாணத்துக்கு யார் போவது. நான்கு, 'எனக்கு உடம்பு. கொஞ்சம் பேசணும். 5 நிமிஷம்.' பக்கத்தில் பச்சை மையில் 'அ.வா.' பக்கத்தைத் திருப்பினேன். அதற்கு முந்தின வாரமும் நான்காவது. அதற்கு முந்தின வாரமும். மோட்டாருக்கு ஒரு வாரம் முழு அரைமணி நேரம் போயிருந்தது. எந்தக் கம்பெனி மோட்டார் என்று ஒப்பிட்டுக் குறிப்புகூட எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். ஐந்து வாரம்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது என்று அக்காவைத் திட்டினேன். ராத்திரி சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம், கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். அவள் நோட்டை மூடினாள்.

"இருபத்திரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைன்னு கேட்டு, எனக்கும் அவசரம்னா என்னன்னே மறந்துபோச்சு கண்ணு" என்றாள்.

மறுநாள் நான் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது. புற்று. ஆரம்பம்தான், ஆனால் இன்னும் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது என்றார் டாக்டர் அம்மா. நாங்கள் தள்ளிப்போட்டதாகவே அவர் நினைத்தார்.

அன்று சாயங்காலம் மாமா வந்ததும் நான் முடிவுத்தாளை நீட்டினேன். படித்தார். நின்றபடி படித்தார், அந்த அறையில் வேறு வழியும் இல்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டார். அக்கா நோட்டை எடுத்துவந்து பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். அவர் தன் பச்சை எழுத்துகளைப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கையில் சிகிச்சைக்கான அட்டவணை இருந்தது.

அந்த அட்டவணையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எந்தப் பரிசோதனை எந்த நாள், எந்த டாக்டர் எந்த நேரம், வெறும் வயிற்றில் போக வேண்டியது எது, எல்லாம் இருந்தது. மருத்துவமனையில் ஒரு தாள் தொலையவில்லை, ஒரு நாள் தவறவில்லை. அவர் வைத்திருந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, எல்லா வீட்டுக்காரர்களும் இப்படி இருந்தால் எங்களுக்கு வேலை பாதியாகும் என்று நர்ஸ் சொன்னார். அறுவை சிகிச்சை நடந்தது, மருந்து ஏற்றினார்கள். அக்கா பிழைத்தாள். நான் சொல்வது வேறு. வார்டில் பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. மாமா ஐந்துக்கு வந்து ஐந்தரைக்குப் போய்விடுவார். வந்தால் சார்ட்டைப் பார்ப்பார், ட்ரிப்ஸைப் பார்ப்பார், நர்ஸிடம் இரண்டு கேள்வி கேட்பார். அக்காவின் தலையில் முடி போனபோது அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அட்டவணையில் எதிர்பார்த்த வாரத்திலேயே போயிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அக்காவுக்குத் தினமும் காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நாற்பது நிமிட நடை என்று போட்டார். ஒரு மாதம் ஒழுங்காகப் போய் வந்தாள். ஒருநாள் ஒன்பது மணியாகியும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்று மாமா என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது அறை எடுத்துத் தனியாக இருந்தேன். பதறிப்போய் ஓடினேன். ஏரியை அரைச் சுற்று சுற்றியதும், மரத்தடி பெஞ்சில் நாலைந்து பெண்களோடு அக்கா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யாரோ கொண்டுவந்த அவலை எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். யாருடைய மருமகளைப் பற்றியோ பேச்சு. எனக்கும் ஒரு கை அவல் கொடுத்து உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மாமாவும் வந்து சேர்ந்தார். வேலைக்குப் போகவில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அக்கா நகர்ந்து இடம் விட்டு, "உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தார். மருமகளைப் பற்றிய பேச்சு தொடர்ந்தது. மாமா அதைக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். முட்டி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நாலைந்து நிமிடம் போனதும் எழுந்து, "ஆச்சு, கிளம்பலாமா?" என்றார்.

"நீங்க போங்க" என்றாள் அக்கா.

அவர் போனார். அக்கா வீட்டுக்குத் திரும்பும்போது பன்னிரண்டு மணி. அதற்குப் பிறகு அவளுடைய நடையை அவர் அட்டவணையில் எழுதுவதில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, ஆசிரியர்களுக்கு நேரத்தைக் கையாள்வது பற்றிப் பயிற்சி வகுப்பு என்று அறிவித்தார். வருகிறவர் யாரென்று பார்த்தால் எங்கள் மாமா. யாரோ அனுப்பிய வீடியோவில் அவர் பேச்சைக் கேட்டுத் தலைமையாசிரியைக்கு ரொம்பப் பிடித்துப்போயிருக்கிறது. சனிக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கன்னடத்தில் நன்றாகத்தான் பேசினார். நேரத் திருடர்கள் வந்தார்கள். தள்ளிப்போடுவதற்கு அடிக்கோடு விழுந்தது. அப்புறம் நான் இதுவரை கேட்டிராத உதாரணம் ஒன்று வந்தது. தன் மனைவிக்குப் பெரிய நோய் வந்ததாகவும், ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே மருத்துவமனையில் இருந்ததாகவும், திட்டமிட்டு நடந்ததால் இன்று நலமாக இருப்பதாகவும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த அறிவியல் டீச்சர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எழுந்துவிட்டேன். அவருக்கு என்னைத் தெரியும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. கன்னடத்தில்தான் கேட்டேன்.

"சார், உங்க மனைவி அதை எழுதி வெச்சதுக்கும் நீங்க தெரிஞ்சுக்கிட்டதுக்கும் நடுவில எத்தனை வாரம்?"

எந்தக் கேள்விக்கும் விநாடியில் பதில் சொல்கிறவர். பேனாவுக்கு மூடி போட்டார். மறுபடி கழற்றினார். தலைமையாசிரியை என்னை முறைத்தார். கேள்வி விளங்கவில்லை என்று சொல்லித் தாண்டிப்போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஐது" என்றார். ஐந்து.

பிறகு பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நன்றி சொல்லி முடித்துவிட்டார். மணி பதினொன்று நாற்பது. இருபது நிமிடம் முன்னதாக விட்டதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அறிவியல் டீச்சர் என் கையைப் பிடித்து, உங்களால் இன்றைக்கு முந்தின பஸ் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் வெளியே வந்தபோது மாமா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வருகிறாயா, கொண்டுபோய் விடட்டுமா என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். சரி என்று சொன்னாரே தவிர வண்டியை எடுக்கவில்லை. என் கூடவே நிறுத்தத்துக்கு வந்து நின்றார். மற்ற தடங்களின் பஸ்கள் வந்து போயின. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் என் பஸ் வந்து, நான் ஏறிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, "பதினெட்டு நிமிஷம் லேட்" என்றார்.

இப்போதும் வகுப்பு எடுக்கிறார். அந்த உதாரணத்தைச் சொல்வதில்லையாம். மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்றாள் அக்கா.